தலையாட்டாத அண்ணை பார்த்த முகமூடிப் படம்

இந்த நினைவு மலர் அண்ணையின் கையில் கிடைத்திருந்தால் முதலில் எழுத்துப்பிழை தேடியிருப்பார். பிறகு, "என்னைப் பற்றி இவ்வளவு நல்லாய் எழுதிறவைக்கு என்ன தேவை கிடக்கோ தெரியாது" என்றிருப்பார். ஆகவே அவருடைய ஒரே தங்கையாகிய நான் எதையும் கூட்டிச் சொல்லாமல் எழுத முயல்கிறேன். எங்கிருந்தாவது அவர் கவனித்துக்கொண்டிருப்பார் என்ற பயம் எனக்கு உண்டு.

எங்கள் அண்ணை புளியங்கூடலில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா நேரத்தோடு கண்மூடிவிட, படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் இறங்கினார். பின்னர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தார். தராசுத்தட்டின் அடியில் யாராவது புளி ஒட்டியிருக்கிறார்களா என்று தடவிப் பார்த்த பிறகே கடை திறப்பார். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் சாதகத்தில் ஒரு சந்தேகம் வந்துவிடும். "பொம்பிளை சரியான அமைதி" என்று தரகர் சொன்னால், "அப்ப எதையோ மறைக்கினம்" என்பார். அப்படியே காலம் போய்விட்டது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் தகப்பனாக இருந்து எங்களை ஆளாக்கினார். அதில் மட்டும் எவருக்கும் சந்தேகம் கிடையாது.

அண்ணையின் ஒரே கூட்டாளி அடுத்த வளவுக் குணத்தார். சிறுவயதில் குணத்தாரின் மாமா கொழும்பிலிருந்து சித்திரக்கதைப் புத்தகங்கள் கொண்டுவருவார். இருவரும் வேலியோரம் தலையோடு தலை முட்ட இருந்து வாசிப்பார்கள். கதாநாயகன் கறுப்பு முகமூடி போட்டுக்கொண்டு அநியாயக்காரரைப் பிடிப்பவன். குணத்தாருக்கு அவன் தெய்வம். அண்ணையோ அப்போதே, "நல்லவன் எண்டால் முகத்தை ஏன்ரா மூடுறான்?" என்று கேட்டவர். ஆனாலும் ஒரு புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை.

அவர்கள் இளந்தாரிகளாக இருந்தபோது ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்று நடந்தது. ஆண்களைக் கோயில் வீதியில் வரிசையாக நடக்கவிட்டார்கள். எதிரே சாக்கினால் முகம் மூடிய ஒருவன் இருந்தான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அப்படிப்பட்டவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அந்தத் தலை ஆடினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அன்று அது அண்ணைக்கு ஆடியது. குணத்தாரின் தம்பிக்கும் ஆடியது. பல மாதங்களுக்குப் பின் அண்ணை ஒரு காது கேளாதவராகத் திரும்பி வந்தார். குணத்தாரின் தம்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணை எதற்கும் தலையாட்டியதில்லை. சாப்பிட்டாச்சோ என்று கேட்டால், வாய் நிறையச் சோறு இருந்தாலும் விழுங்கிவிட்டு "ஓம்" என்பார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள்.

சுற்றிவளைப்பு நாளில் குணத்தார் வரிசையில் இருக்கவில்லை. நயினாதீவுக் கோயிலுக்குப் போனதாகச் சொன்னார். அண்ணை நம்பவில்லை. சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுப்பாரோ என்று நான் கேட்டேன். "சாக்குக்குள்ளை தலையை விட்டவனுக்குத் தம்பியென்ன, தாயென்ன? ஆளைப் பக்கத்திலை வைச்சிருந்துதான் பாக்கோணும், பிள்ளை" என்றார். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஆயுளில் பெரும்பகுதி போயிற்று. இடம்பெயர்ந்த காலத்திலும் இருவரும் ஒரே கொட்டிலில் இருந்தார்கள். குணத்தார் தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்த பின்புதான் அண்ணை தன் கோப்பையைத் தொடுவார்.

போன வருடம் அந்தச் சித்திரக்கதை படமாகி யாழ்ப்பாணத்துத் தியேட்டருக்கு வந்தது. செய்தி கொண்டுவந்தவர் குணத்தார்.

"உவன் ஏன் என்னைக் கூப்பிடுறான்?" என்ற அண்ணை, சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பஸ் மண்டைதீவைத் தாண்டும்போதே, "கதையை மாத்திப் போட்டிருப்பாங்கள்" என்று தொடங்கிவிட்டார். தியேட்டரில் கேட்கும் காது குணத்தார் பக்கம் வரும்படி இடம் மாறி இருந்தார்.

"முகமூடி கறுப்பெல்லே? உது நீலம்."

"வெளிச்சத்துக்கு அப்பிடித் தெரியுதடா."

"உன்னட்டை எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கும்."

படம் முடியும் தறுவாயில் ஒரு காட்சி வந்தது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஊர்ச்சனத்தை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். முகமூடிக்காரன் ஒவ்வொருவராகப் பார்த்து வருகிறான். ஒருவன் முன்னால் நின்று மெல்லத் தலையை ஆட்டுகிறான். தியேட்டர் கைதட்டியது. அண்ணை எழுந்து வெளியே போனார். அதே நேரம் குணத்தாரும் எழுந்து போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன்ரா எழும்பி வந்தனீ?" என்று கேட்டார் அண்ணை.

"நீ ஏன் வந்தனீ?" என்றார் குணத்தார்.

"அண்டைக்குச் சாக்குக்குள்ளை இருந்தது நீதானே?"

குணத்தாரின் முகம் வெளிறிவிட்டது. "நானோ? என்ரை தம்பியை நானோ? டேய், உன்னை விட்டவங்கள், அவனை விடேல்லை. நீ என்னத்தைச் சொல்லிப்போட்டு வெளியிலை வந்தனீ எண்டு அறியத்தான் இவ்வளவு காலமும் உன்னோடை திரியிறன்."

ஒருவரையொருவர் காவல் காத்த காவலைத்தான் ஊர் இத்தனை காலமும் சிநேகிதம் என்று மெச்சியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒண்டும் சொல்லேல்லையடா. அடிச்சாங்கள். பிறகு விட்டாங்கள். ஏனெண்டு எனக்கே தெரியாது" என்றார் அண்ணை. பிறகு, "வா, மிச்சத்தையும் என்ன செய்து கெடுத்திருக்கிறாங்கள் எண்டு பாப்பம்" என்று உள்ளே நடந்தார்.

கடைசியில் முகமூடி கழன்றது. இரண்டு கிழவர்களும் கதிரை நுனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு வடிவான பெடியன். "முகத்தைக் கண்டும் ஆரெண்டு தெரியேல்லை" என்றார் அண்ணை. குணத்தார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனாலும் மறுநாள் காலை குணத்தார் குடிக்கும்வரை அண்ணை தன் கோப்பையைத் தொடவில்லை.

இவ்வருடம் அண்ணை பாரிசவாதத்தில் விழுந்தார். பேச்சுப் போய்விட்டது. வைத்தியர், "விளங்கினால் தலையை ஆட்டுங்கோ, ஐயா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணை அசையவில்லை. நினைவு தப்பிவிட்டது என்றார்கள். ஒருபக்கக் கண் வைத்தியரை ஏறஇறங்கப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அவருக்கு எல்லாம் விளங்கியது. தலையாட்டத்தான் அவர் தயாரில்லை.

குணத்தார் நாள்தோறும் வந்து கட்டிலருகே இருந்து அந்தச் சித்திரக்கதையை நினைவிலிருந்து சொல்வார். பிழையாகச் சொன்னால் அண்ணையின் புருவம் நெரியும். ஒரு பின்னேரம் கதையை இடையில் நிறுத்திவிட்டு அண்ணையின் கையைப் பிடித்தார்.

"டேய், அது நான் இல்லையடா. நம்புறியோ?"

அண்ணையின் தலை ஒருமுறை கீழே போய் மேலே வந்தது. இரண்டு நாளில் அவர் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அண்ணையைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிய அயலவர்களுக்கும், பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், மண்டைதீவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து துயரில் பங்குகொண்ட உறவுகளுக்கும், கொள்ளி வைத்த என் மகனோடு சுடலைவரை தோள்கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேத்தண்ணிக் கோப்பையில் எப்போதும் முதல் வாய் குடித்துக் காட்டிய குணத்தாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணை தலையாட்டிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அவன் ஆட்டினவன்தானே, பிள்ளை? தலகணி சரிஞ்சு தலை தானாய் ஆடினதில்லையே?"

நானும் அண்ணையின் தங்கைதானே. அந்தச் சந்தேகம் அன்றே எனக்கும் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. குணத்தார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி, வாய் திறந்து "ஓம்" என்றேன்.