துணியில் இல்லாத கறை

குமாரபாளையத்தில் லுங்கி செக்கிங் செய்பவள் நான். விளக்கு வைத்த கண்ணாடி மேஜைமேல் துணி ஓடும். இழை அறுந்திருந்தாலோ கறை பட்டிருந்தாலோ பிடித்து நிறுத்துவேன். வலது கண் சின்ன வயசிலேயே முள் குத்திப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை வைத்தே ரெண்டு கண்ணுக்காரிகளைவிட நன்றாகப் பார்த்தேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

போன கோடையில் எல்லாத் துணியிலும் ஒரே இடத்தில் சாம்பல் கறை. எண்ணெய்க் கையோடு துணியைத் தொடுகிறீரா என்று தறிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கறையே இல்லை என்று அவர் சத்தியம் பண்ணினார். மேஜைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் கறை சுவருக்கு ஏறியது. வீட்டுக்குப் போனால் சோற்றுத் தட்டிலும் வந்து உட்கார்ந்தது.

சேலத்தில் கண் டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினார். கண்ணுக்குள் அழற்சி, விழித்திரையில் புண். ஒரு ஓரம் ஆற ஆற மறு ஓரம் ஊர்ந்து பரவுகிற வகையாம். நடுவுக்கு வந்துவிட்டால் பார்வை போய்விடும், தான் தரும் மாத்திரையைத் தன்னைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்றார்.

மாத்திரை முகத்தை ஊத வைத்தது, தூக்கத்தைக் கெடுத்தது. தினமும் காலையில் ஒரு கட்டம் போட்ட லுங்கியை விரித்துப் பார்ப்பேன். துணியைச் சோதிக்கிறவள் கண்ணையும் அப்படித்தானே சோதிப்பாள்? ஒருநாள் கறையைக் காணோம். துணி முழுக்கக் கட்டம் கட்டமாகச் சுத்தமாக இருந்தது. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். மாத்திரையை நானே நிறுத்தினேன்.

ரெண்டு மாதம் கழித்து, நான் சரி பார்த்து அனுப்பிய லுங்கி ஒன்றைத் தறிக்காரர் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். கடையிலிருந்து திரும்பி வந்ததாம். உற்றுப் பார்த்தேன். நல்ல துணியைக் காட்டி யாரிடம் கதை விடுகிறீர் என்று பாய்ந்தேன்.

"கையக் குடுங்கக்கா" என்றார்.

என் விரலைப் பிடித்துத் துணிமேல் வைத்து அழுத்தினார். விரல் ஒரு ஓட்டைக்குள் போய் அடியிலிருந்த கண்ணாடியைத் தொட்டது. கண்ணுக்கோ கட்டங்கள் அறுபடாமல் ஓடின. அந்த இடத்தில் என் விரலும் இல்லை.

புண் தழும்பான இடத்தில் பார்வை இருக்காது, சுற்றிலும் இருப்பதை வைத்து மூளையே அதை நிரப்பிக்கொள்ளும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

"எப்ப இருந்துங்கக்கா இப்பிடி?" என்று மெதுவாகக் கேட்டார்.

பதில் சொல்ல நிமிர்ந்தேன். அவர் முகத்தில் பாதி இல்லை. அங்கே பின்னாலிருந்த நீலச் சுவர் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.