பொள்ளாச்சி பஸ்ஸும் முதல் மணியும்

சென்ற வாரம் நான் படித்த கல்லூரியிலிருந்து அழைப்பு. கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறது. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறதாம். அதற்கு முன்னால் ஒரு கூட்டம். 'முன்னாள் மாணவி' என்ற தகுதியில் எனக்கும் ஒரு நாற்காலி. வேறு தகுதி ஏது என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது... இருக்கட்டும்!

தரப் பிரிவைக் கவனிக்கும் ஸ்ரீஜா டீச்சர் உற்சாகமாகத் தொடங்கினார். இந்த வருஷத்திலிருந்து காலை மணி ஒன்பதரைக்கு 'டாண்' என்று அடிக்கிறது. வாசலில் விரல் வைக்கும் மெஷின். தாமதமானால் முதல் வகுப்புக்கு ஆப்சென்ட்.

எனக்கோ மனசு எங்கேயோ போய்விட்டது.

எங்கள் காலத்தில் மணி அடிக்கும் நேரத்தை முடிவு செய்தது கடிகாரம் இல்லை — பொள்ளாச்சி பஸ்! செக்போஸ்ட்டில் காய்கறி லாரிகள் வரிசை கட்டினால் பஸ்ஸும் பின்னால் நிற்கும். பாதிக் கல்லூரி அந்த ஒரு பஸ்ஸில்தான். எங்கள் பிரின்சிபால் போர்ட்டிகோவில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் முண்டியடித்து இறங்கி, ஓடிவந்து, காற்றில் பறக்கும் தாவணியைச் சரிசெய்து உட்கார்ந்த பிறகுதான் மணி. போன நேரத்தை மதிய இடைவேளையில் வெட்டிவிடுவார். அவரைத் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கு நினைத்தால்... அந்த மனிதர் மேல் அவ்வளவு பிரியம் வருகிறது.

"இனி நமக்கு ஒரு பெஸ்ட் பிராக்டீஸ் வேணும்" என்றார் டீச்சர். மற்ற கல்லூரிகளில் இல்லாத நல்ல வழக்கம் ஒன்றைக் குழுவுக்குக் காட்ட வேண்டுமாம். மூலிகைத் தோட்டம், மழைநீர் சேமிப்பு, யோகா... ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாமே எல்லா இடத்திலும் இருக்கிறதே?

நான் பஸ் மணிக் கதையைச் சொன்னேன். அறை கலகலத்தது. "அது போன வருஷம் வரைக்கும் நம்ம செஞ்சதுதானே சேச்சி!" என்றார் டீச்சர். மெஷின் வந்ததும் நிறுத்திவிட்டார்களாம். தரத்துக்காக! இப்போதைய பிரின்சிபாலும் சிரித்துவிட்டார். திங்கள் முதல் மறுபடியும் பஸ் வந்த பிறகே மணி என்று முடிவாயிற்று.

அப்போது மாணவர் பிரதிநிதி கவிதா எழுந்தாள். பி.காம். படிக்கிறாள்.

"ஏனுங்க டீச்சர், அப்ப இதுவரைக்கும் போன ஹாஜருங்க? செக்போஸ்ட்ல பஸ் நின்னு நின்னு எனக்கு ஹாஜர் பத்தலைன்னுட்டாங்க. பரீட்சை எழுத உடமாட்டாங்களாமுங்க."



"அது பழைய ரூல், மோளே... புதுசு திங்கள்லேர்ந்துதான்" என்று இழுத்தார் டீச்சர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குறை வந்தால் ஆளைப் பிடிக்காதே, நடைமுறையில் எங்கே பிசகு என்று பார் — தர நிர்வாகத்தின் அரிச்சுவடியே அதுதானே?

"டீச்சர், பிசகு உங்க மணியில. தண்டனை இந்தப் பொண்ணுக்கா? மொதல்ல இவ ஹாஜரைச் சரிபண்ணுங்க. அப்புறம் குழுகிட்ட பெருமை பேசலாம்."

பிரின்சிபால் வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார். பிறகு, பஸ்ஸால் ஆப்சென்ட் ஆன எல்லோருக்கும் ஹாஜர் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

கவிதா கேட் வரை என்னோடு வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் முகத்திலோ ஒரே கலவரம்.

"எழுத உடமாட்டாங்கன்னு நான் புஸ்தகத்தையே தொடலீங்க. இப்பப் படிக்கோணுமுங்களே!"

அதற்குத் தர நிர்வாகத்தில் வழி எதுவும் இல்லை, கண்ணு!