கூலிக்குத் தைத்த களிசான்

என்னுடைய பழைய காருக்கு இருந்த ஒரே மரியாதை அதன் இன்சூரன்ஸ்தான். கதவு ஒழுங்காகச் சாத்தாது. வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஆனால் இன்சூரன்ஸை மட்டும் நான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவன், கடதாசி விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று ஒரு நினைப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த நினைப்பில் மண் விழுந்தது.

அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை முனையில் மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தையல்காரர் கடை வைத்திருந்தார். என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். தம்பலகாமத்தில் இருந்த அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. போய்ப் பார்க்க வேண்டும், காரில் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றேன். நான் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு களிசான்களையும் சனிக்கிழமையே தந்துவிட்டார். தையல்கூலியை நீட்டினேன், வாங்கவில்லை.

"நாளைக்கு உங்கட கார்ல வாறன்தானே தம்பி. அதுக்கு இது சரி."

எனக்கு அது ஒரு பெரிய பேச்சாகவே படவில்லை.

தம்பலகாமத்துக்குக் கிட்ட வயலிலிருந்து எருமைகள் திடீரென்று றோட்டில் ஏறின. நான் வெட்டித் திருப்ப, கார் வாய்க்காலுக்குள் போய் விழுந்தது. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். நானாவுக்கு வலது கால் முறிந்துவிட்டது. இனித் தையல் மெஷின் மிதிப்பது கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். அந்த மெஷின் ஓடினால்தான் அவர் வீட்டில் உலை வைக்கலாம். ஆனாலும் நான் பெரிதாகப் பதறவில்லை. காரில் வந்தவருக்குக் காயம் பட்டாலும் நட்டஈடு உண்டு என்று பொலிசியில் இருந்தது. நானாவின் மனைவிக்கும் பெரிய மனிதன் போல ஆறுதல் சொல்லி வைத்தேன்.

இன்சூரன்ஸ் விஷயமாக விசாரிப்பதற்குக் கொழும்பிலிருந்து ஒரு தமிழ் அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். மரியாதையான மனிதர். நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இவர் உங்களைச் சும்மாதானே ஏத்திக்கொண்டு போனவர்?" என்று நானாவிடம் கேட்டார்.

நானாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "சும்மாவோ? நான் ஒருத்தர்ர வாகனத்திலயும் சும்மா ஏறினதில்ல ஐயா. கூலிக்கு ரெண்டு களிசான் தைச்சுக் குடுத்தனான். இந்தா, போட்டுக்கொண்டு நிக்கிறாரே!"

அதிகாரி என் களிசானைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். நல்ல தையல்.

அவர் என்னை வெளியே அழைத்து விளக்கினார். சொந்தப் பாவனைக்கு எடுத்த இன்சூரன்ஸ் இது. கூலிக்கு ஆள் ஏற்றினால் செல்லாது. காசானாலும் களிசானானாலும் கூலி கூலிதான். என் முகத்தைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, "அது கூலியில்லை, அன்பளிப்பு எண்டு அவரே சொன்னால் மாத்தி எழுதலாம்" என்றார்.

நான் உள்ளே ஓடினேன். "நானா, அன்பளிப்பு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. போதும்."

"தைக்கேக்க கூலி எண்டு நினைச்சுத்தானே தைச்சனான். இப்ப எப்பிடி மாத்திச் சொல்றது? அல்லாஹ்வுக்குத் தெரியுமே தம்பி."

"நாசமாப்போன களிசான்! வாற காசு உங்கட காலுக்கு நானா, எனக்கில்லை!"

"தெரியும். எண்டாலும் ஏலாது."

வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அதிகாரி எழுதியது எழுதியபடியே கொழும்புக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தித் தீர்த்தேன். மானம், ரோசம், எருமை ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த தன் கைத் தையல் மெஷினை இறக்கினாள். கல்யாணத்தோடு தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. எனக்குக்கூட அதைத் தொட அனுமதி இல்லை.

"இதைக் கையாலதானே சுத்துறது. கால் என்னத்துக்கு?" என்றாள்.

என் கோபம் அப்போதுதான் இறங்கியது.

நானா வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கதிரையில், காலை நீட்டிக்கொண்டு இருந்தார். "இது என்ர மனுசியின்ர, சும்மாதான் தாறம் நானா. கூலி கீலி எண்டு ஒண்டும் கதைக்கப்படாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அவர் சில்லைச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கியது. ஒருவழியாக வென்றுவிட்டேன் என்று எனக்குச் சந்தோசம்.

பிறகு கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார்.

"கிட்ட வாங்க தம்பி. உங்கட மனுசிக்கு என்ன தைக்கிறதெண்டு பிறகு பாப்பம். முதல்ல நீங்க அளவு தாங்க."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் நாடாவை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவரால் எழும்ப முடியாது. நான்தான் கதிரைக்குக் கிட்டப் போய், கையை உயர்த்திக்கொண்டு நின்றேன்.