கட்டில் சட்டத்தில் ஒரு டிரெய்லர்

கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் சேர்ந்து, பைக்குக்குப் பின்னால் இழுக்க ஒரு டிரெய்லர் செய்தோம். பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தை நான் வெல்டிங் வைத்தேன். ஸ்கூட்டர் சக்கரங்களை அவள் தேடிப் பிடித்தாள்.

முதல் தடவை வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றி உத்திரமேரூருக்குக் கிளம்பினோம். மூட்டை சரியாமல் இருக்க அவள் மேலே உட்கார்ந்தாள். ஏரிக்கரை இறக்கத்தில் பைக் திடீரென லேசானது. கொக்கி கழன்றிருந்தது. பதறித் திரும்பினால், டிரெய்லர் சரிவில் இறங்கிச் சேற்றில் நின்றிருந்தது.

"அடி பட்டுச்சா?" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"ஒண்ணுமில்ல. இன்னாங்க, என்ன வுட்டுட்டு நீங்க மட்டும் எங்க போய்க்கினு கீறீங்க?" என்று மூட்டைமேல் உட்கார்ந்தபடியே சிரித்தாள்.

மறுநாளே கொக்கிக்குச் சங்கிலி போட்டேன். வருஷங்கள் ஓடி, இப்போது எங்கள் மினி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். மெல்லப் பேசினாலே கேட்கிறது. டிரெய்லர் மூட்டைமேல் இருந்து அவள் கத்திக் கத்திக் கதை சொல்லிக்கொண்டு வந்த பயணங்களுக்குத்தான் மனம் ஏங்குகிறது.