நாச்சிமுத்துக் கவுண்டரின் சேர்க்கை விதிகள்

“பி.எஸ்சி.யில பிசிக்ஸும் கணக்கும் ரெண்டுமே இருக்கோணுமுங்க. ஒண்ணு கொறஞ்சாலும் உள்ள உட மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் நாச்சிமுத்துக் கவுண்டர் டீ டம்ளரைக் கையில் வாங்குவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் அநேகமாக வெல்லம் ஏற்ற வந்த லாரி டிரைவராக இருப்பார். ஜேடர்பாளையத்தில் டீ குடிக்கத் தனித் தகுதி எதுவும் வேண்டாம் என்று நம்பி உட்கார்ந்த மனிதர், டம்ளர் காலியாவதற்குள் வளிமண்டல அறிவியல் முதுகலைப் படிப்பின் விதிகளைக் கரைத்துக் குடித்திருப்பார்.

“உள்ள போறதுக்கே எழுத்துப் பரீச்ச, அப்பறம் நேர்ல கேள்வி. உள்ள போய்ட்டா நாலு செமஸ்டருங்க. பலூன் உட்டுக் காத்தளக்கோணும். கடசீல ஆராய்ச்சி பண்ணி எழுதிக் குடுக்கோணும். அதுக்கும் வாயில பரீச்ச வெப்பாங்க. சும்மா இல்லீங்க.”

டிரைவர் அந்தப் படிப்பில் சேரும் உத்தேசத்தை அப்போதே கைவிட்டுவிடுவார்.

கவுண்டர் படித்தது மூன்றாம் வகுப்பு. கரும்புக்காடும் வெல்ல ஆலையும் அவருக்குச் சோறு போடுகின்றன. சேலத்தில் பி.எஸ்சி. முடித்த மகள் பூவாத்தாள், ஆந்திரக் கடலோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் காற்றையும் மழையையும் பற்றி மேலே படிக்கப்போவதாகச் சொன்னாள். அன்று, அங்கிருந்து வந்த விவரப் புத்தகத்தை அவளையே தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சேவல்கட்டு. கவுண்டருக்கு அன்று முதல் விதிமுறை.

அதன்பின் ஊரில் எந்தக் காரியமும் தகுதி பார்க்காமல் நடக்கவில்லை. கரும்பு வெட்ட ஆள் வந்தால், முன்பு வேலை கொடுத்த இரண்டு பேர் சிபாரிசு செய்ய வேண்டும். ஆலையில் பாகு காய்ச்சும் ஆண்டி அடிக்கடி மட்டம் போட்டபோது, “நூத்துக்கு எழுவத்தஞ்சு நாள் வருகை இல்லீன்னா பரீச்சக்கி உட மாட்டேன், பாத்துக்க” என்று எச்சரித்தார். ஆண்டி தலையைச் சொறிந்து, “பரீச்ச வேண்டாஞ் சாமி. கூலிய மட்டும் குடுத்துருங்க” என்றான்.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் வீட்டு மாப்பிள்ளைக்குப் பூவாத்தாளைக் கேட்டுத் தரகர் வந்தார். “ரெண்டு ரிக்கு ஓடுதுங்க. பையன் பூமிக்குள்ள முந்நூறு அடி வரைக்கும் பாத்தவன்” என்றார். “கீழ பாத்ததெல்லாம் இருக்கட்டும். மேல எவ்வளவு தூரம் பாத்திருக்கறான்? கணக்குல எத்தன மார்க்கு?” என்று கவுண்டர் கேட்டார். தரகர் மோரைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

விதிகளின் காவலர் ஒரே ஓர் இடத்தில் சறுக்கினார். மகளின் படிப்புக்கு இரண்டு பேர் சான்று தர வேண்டும் என்றதும், பஞ்சாயத்துத் தலைவரிடமும் கோயில் தர்மகர்த்தாவிடமும் முத்திரையோடு வாங்கி வந்து நீட்டினார். “பாடஞ் சொன்னவங்கதான் எழுதோணுமுங்கப்பா” என்றாள் பூவாத்தாள். “தலைவரு உன் காதுகுத்துக்கே வந்தவரு, அம்மிணி! உங்க வாத்தியாருக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு உண்டா?” என்று கேட்டவருக்கு ஒரு வாரம் மனம் ஆறவில்லை.

பங்காளி மயில்சாமி மட்டும் விடாமல் சீண்டிக்கொண்டிருந்தான். “காத்தப் படிச்சு என்ன பண்ணுவா, அண்ணா? சைக்கிள் கடை வெக்கவா?”

“அட போடா. சைக்கிள் டியூபுல இருக்கறது ஒரு படி காத்து. எம்புள்ள படிக்கப்போறது ஒலகத்துக் காத்து!”

எண்பத்து மூன்றாம் வருஷ ஆடியில், இடம் கிடைத்துவிட்டதாகத் தந்தி வந்தது. அந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பல்கலைக்கழகம் கேட்ட தகுதி அத்தனையும் இருந்தது. அது கேட்க மறந்த ஒன்றைக் கவுண்டரின் மனைவி சென்னியம்மாள் கேட்டாள்.

“ஏனுங்க, கெடாய் துளுக்கட்டும். சாமி சரீன்னா புள்ள ரயிலேறட்டும். இல்லீன்னா அந்த ரிக்கு வண்டி ஊட்டுக்கு ஆளனுப்புங்க.”

குலதெய்வத்தின் முன் கிடாயை நிறுத்தி மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதாவது துளுக்கினால், தெய்வம் சம்மதித்தது. உதறாவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

கரும்புக்காட்டை ஒட்டிய கோயிலில் பூசாரி கருப்பண்ணன் முதல் செம்பை ஊற்றினார். கிடாய் வேப்பந்தழையை மென்றது. இரண்டாம் செம்பு. கிடாய், கேள்வியே தவறு என்பதுபோல் பூசாரியைப் பார்த்தது.

“கெடாய்க்குக் கணக்குப் பத்தலயாட்ட இருக்குதுங்கண்ணா” என்றான் மயில்சாமி.

பூவாத்தாள் அப்பாவின் காதருகே வந்தாள். “ஈரத்து மேல காத்துப் பட்டாத்தானுங்கப்பா சில்லுங்கும். ஆடிக் காத்த அந்தக் கரும்பு மறச்சுக்கிட்டு நிக்குது. கெடாய ரோட்டுப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போனா உதறீருமுங்க.”

கவுண்டர் தொண்டையைச் செருமினார். “பூசாரி, தேர்வு மையத்த மாத்தலாமுங்களா?”

“சாமி மூஞ்சி பாத்துத்தான் துளுக்கோணுமுங்க. அதுதான் வெதி.”

விதி என்ற சொல்லை எதிர்த்துக் கவுண்டர் என்றைக்கும் வாதாடியதில்லை. சென்னியம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றாள். “மூணு செம்புதானுங்க வழக்கம்” என்று சொல்லிப் பூசாரி கடைசிச் செம்பையும் கவிழ்த்தார். கிடாயின் காதிலிருந்து நீர் சொட்டியது. அவ்வளவுதான். பூவாத்தாள் தாவணி முனையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் இறுக்கிக்கொண்டாள்.

“அட, திந்நீறு வெக்காம உட்டுட்டமே!” என்றார் கவுண்டர் திடீரென்று. தட்டிலிருந்த திருநீற்றை அள்ளிக்கொண்டு போய், ஊருக்குத் தன் அகன்ற முதுகைக் காட்டிக் கிடாயின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நெற்றியில் பட்டை இட்டார். பிறகு ஈரக் காதை மெல்ல நிமிர்த்தி, வாயை வைத்து, கன்னம் இரண்டும் புடைக்க, தன்னிடமிருந்த வளிமண்டலம் மொத்தத்தையும் உள்ளே ஊதினார்.

கொம்பிலிருந்து வால் வரை கிடாய் உதறிய உதறலில் மஞ்சள் நீர் மயில்சாமியின் வெள்ளை வேட்டி வரை தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். “சாமி உத்தரவு குடுத்திருச்சு!” என்று பூசாரி கூவினார். சென்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மகளுக்குக் கட்டுச்சோறு கட்டும் கவலையில் அப்போதே வீட்டைப் பார்க்க நடந்தாள்.

“காத்து எங்கிருந்துங்கப்பா வந்துச்சு?” என்றாள் பூவாத்தாள்.

நாச்சிமுத்துக் கவுண்டர் முகம் கொஞ்சமும் கோணாமல், மீசையில் ஒட்டியிருந்த ஆட்டு மயிரை இரண்டு விரலால் எடுத்து, தூர நீட்டி, ஊதிவிட்டார்.