கொடுமுடிக் கோப்பில் ஒரு வரி

எங்கள் அலுவலகம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடி. கீழே முகூர்த்தப் புடவை எடுப்பார்கள். மேலே நாங்கள் கோழிகளுக்குக் காற்று வீசுவோம். கறிக்கோழிப் பண்ணைகளின் மூடிய செட்டுகளில், அதாவது கொட்டகைகளில், எந்த நேரத்துக்கு எத்தனை காற்றாடி சுழல வேண்டும் என்று, எங்கோ இருக்கும் வாடகை சர்வர் இணையம் வழியாகச் சொல்லும். எந்த ஊருக்கு எத்தனை சர்வர், எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைத்த கோப்புகளுக்கு நான் காவல். ஐம்பது வயதுக்குக் கிடைத்த மரியாதை.

கோப்புகள் அடுக்காக இருக்கும். அடியில் எல்லா ஊருக்கும் பொதுவான கோப்பு. அதன்மேல் ஊருக்கு ஒன்று. ஊர்க் கோப்பில் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எழுதாவிட்டால் பொதுக் கோப்பு சொன்னதே சட்டம். யார் எந்த வரியை எப்போது மாற்றினாலும் பழைய பதிப்பு பத்திரமாக இருக்கும். ஒருவர் செய்யும் மாற்றத்துக்கு இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த விதியைப் போட்ட புத்திசாலியும் நான்தான்.

ஒரு சித்திரை மாதக் காலையில் எனக்குச் சுத்தம் செய்யும் கிறுக்குப் பிடித்தது. கொடுமுடிக் கோப்பில் சர்வர் எண்ணிக்கை ஒன்று என்று இருந்தது. பொதுக் கோப்பிலும் இதேதானே, எதற்கு இரண்டு தடவை என்று அழித்தேன். பொதுக் கோப்பில் இருந்தது பூஜ்யம். கேட்காமல் எந்த ஊருக்கும் சர்வர் எழக் கூடாது என்று நானே போட்ட பூஜ்யம். எதிர் மேசையில் இருக்கும் பெண்ணிடம், சட்டென்று பார்த்து விட்டுவிடு கண்ணு என்றேன். சரிங்ணா என்றாள். ஒப்புதலும் வந்தது.

மதியம் கொடுமுடிப் பண்ணைக்கார அக்கா போனில் அழைத்தார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங் தம்பி, காத்தாடி ரெண்டுதான் ஓடுதுங். கோழியெல்லாம் வாயத் தொறந்து மூச்சு வாங்குதுங்."

காலைக் குளிருக்கு இரண்டு போதும் என்று சர்வர் கடைசியாகச் சொன்னதோடு நின்றிருந்தது. உச்சி வெயிலில் பன்னிரண்டையும் ஓட்டச் சொல்ல வேண்டிய சர்வரை நான் காலி செய்திருந்தேன். கையால் ஓட்ட ஒரு சுவிட்ச் உண்டு. அது பூட்டிய பெட்டிக்குள். பூட்டின் சாவி அவர் வீட்டுக்காரர் சட்டைப்பையில். சட்டை சத்தியமங்கலத்தில், ஒரு கல்யாணப் பந்தியில். அந்த மூடிய செட்டில் கோழிகளுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தால் அதிகம்.

என் வீரத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தேன். நாற்காலியை விட்டு எழுந்து, ஏன் எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதே துரோகமாகப் பட்டதால் போய் அதை அணைத்தேன். அக்கா இன்னும் இணைப்பில்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது. அது கூவல் இல்லை, ஒரு கரகரப்பு.

பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. பட்டியலில் கண்ணுக்குப் பட்ட ஒரு பழைய பதிப்பை எடுத்து, அடுக்கு மொத்தத்தையும் அதற்கே மாற்றி அனுப்பினேன். கண்ணு, ஒப்புதல் குடு, கோழி சாகுது என்றேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குக் குடுக்க மாட்டனுங்ணா."

என் காதை நம்ப முடியவில்லை. எங்கள் பக்கத்தில் வயதில் மூத்தவரிடம் 'பாக்கலாமுங்' என்று இழுப்பார்கள். மாட்டேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"இது பொங்கலுக்கு முந்துன பதிப்புங். சத்தியமங்கலமே இதுல இல்லீங். போட்டா அங்கயும் நின்னுபோகும்."

பொங்கலுக்குப் பிறகு சேர்ந்த சத்தியமங்கலத்தில் ஒன்பது செட்டுகள். அவள் என் நாற்காலியை மெல்ல ஒதுக்கிவிட்டு, தன் பெயரில் நுழைந்து, கொடுமுடிக் கோப்பில் அந்த ஒற்றை வரியை மட்டும் திரும்ப எழுதினாள். இப்போது ஒப்புதல் தர வேண்டியவன் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரியை முழுசாகப் படித்துவிட்டு அமுக்கினேன்.

சர்வர் எழுந்துவர எட்டு நிமிடம் ஆயிற்று. அந்த எட்டு நிமிடத்தில் அவள் குனிந்தபடி சொன்னாள்: "காலைலயே பாத்தனுங்ணா. பூஜ்யம்னு தெரிஞ்சுது. நீங்க பெரியவுங்க, காரணமாத்தான் செய்வீங்கன்னு உட்டுட்டேன்." அவளைத் திட்ட எனக்கு வாயில்லை. பார்த்துச் சொல் என்றா கேட்டேன்? விட்டுவிடு என்றுதானே கேட்டேன்.

போனில் காற்றாடிகள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. எத்தனை கோழி போயிற்று என்று அக்காவிடம் கேட்டேன். கடைசி மூலையில் நிறைய விழுந்து கிடப்பதாகவும், இன்னும் எண்ணவில்லை என்றும் சொன்னார். லைன்ல ஏதாச்சும் கோளாறுங்களா என்று அவரே எனக்கு ஒரு வழியும் எடுத்துக் கொடுத்தார். ஆமாங்க்கா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிர் மேசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லீங்க்கா. நாந்தான் ஒரு வரிய அழிச்சுப்போட்டேன்."

எப்போதும்போல வைக்கட்டுங்களா என்று கேட்காமலேயே அக்கா போனை வைத்துவிட்டார்.