பாலம் உடையும் என்று முன்னாலேயே சொன்ன மனிதர்

போன வருடம், பௌர்ணமிக்கு விடும் ஒரு போயா விடுமுறை நாளில், பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில் நடந்தது இது. கடை என் கணவரின் நண்பருடையது. கீழே ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, மேலே பெயின்ட் வாளிகளுக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர், ஒரு விஞ்ஞான டீச்சர், என் கணவர், நான். எனக்கு அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான் என்று வீட்டிலேயே கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசிப் பேசியே ஆட வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். அந்த உலகம் முழுவதும் அவர் தலைக்குள் இருக்கும். மற்றவர்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்று சொன்னால், அது பலிக்குமா இல்லையா என்று பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். நடத்துபவர் என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது.

பிறகு ஏன் போனேன்? மூன்று வாரமாக மனிதர் சரியில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். டிவியைப் பார்ப்பார், ஆனால் பார்க்கமாட்டார். என்ன என்று கேட்டால் "ஒன்னுமில்ல". அந்த "ஒன்னுமில்ல" இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எதற்கு வாடுகிறார் என்று தெரியாமல் சோறு போடுவது எவ்வளவு கொடுமை! விளையாட்டுக் கூட்டம் கலைந்துகொண்டு வருகிறது, இரண்டு பேர் நின்றுவிட்டார்கள் என்று அரசல்புரசலாகத் தெரியும். அந்தக் கவலைதான் போலிருக்கிறது, நாலாவது ஆளாகப் போய் உட்கார்ந்தாலாவது முகம் தெளியுமா பார்ப்போம் என்றுதான் போனேன்.

அவர் ஒரு பிஸ்கட் பெட்டியை வெட்டி முன்னால் மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ரகசியமெல்லாம் அந்தப் பக்கமாம். கதை நடப்பது ஒரு மலைத் தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் மேல் பகுதியில், மேல் டிவிஷனில், இருக்கும் ஆட்கள் இரண்டு நாளாகக் கீழே வரவில்லை. என்ன ஆயிற்று என்று நாங்கள் மூன்று பேரும் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு தொங்கு பாலம். நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்த கொழுந்து பறிக்கும் பெண்.

சரி என்று நானும் கேட்டேன். பாலத்தை விட்டால் வேறு குறுக்குப் பாதை உண்டா? அவர் பதில், உனக்குத் தெரியாது. மேலே யாருக்காவது நோய் என்றால் மருந்து யாரிடம் இருக்கிறது? தெரியாது. தோட்டத்துச் சாமான் அறையைப் பார்க்கும் ஸ்டோர்க்காரர் நல்லவரா கெட்டவரா? தெரியாது, பகடை உருட்டு. உருட்டினால் சின்ன எண். அப்பவும் தெரியாது! கடைக்காரர் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். டீச்சர் பஸ் நேரத்தைப் பார்க்கிறார். என் கணவர் மட்டும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் இன்றோடு நின்றுவிடுவார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

நான் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை, என்று வரிசையாகக் கட்டிய லயத்தில் வளர்ந்தவள். அவர் பதுளை டவுன்காரர். எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தோட்டத்துலயே பொறந்து வளந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க? லயத்துல ஒரு காம்பராவுல கருவாடு பொரிச்சா கடைசிக் காம்பரா வரைக்கும் தெரியும். எந்தப் பலகை உளுத்துப்போச்சு, ஸ்டோர்காரர் யாருக்குப் பயப்படுறாரு, எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஒன்னும் தெரியாத ஆளுங்க எந்தத் தோட்டத்துல இருக்காங்க?"

ஆள் கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பிஸ்கட் பெட்டி மறைப்பை எடுத்து மடித்துக் கீழே போட்டுவிட்டு, கடகடவென்று எல்லாவற்றையும் கொட்டினார். பாலத்தின் நடுப் பலகைகள் உளுத்துவிட்டன, ஆள் ஏறினால் உடையும். குறுக்குப் பாதை உண்டு, ஆனால் அதில் போனால் இருட்டிவிடும். மேலே எல்லோருக்கும் காய்ச்சல். இருட்டுவதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். ஸ்டோர்க்காரர் கெட்டவரில்லை, தோட்டத்து மானேஜர் துரைக்குப் பயந்து மருந்தைப் பூட்டி வைத்திருக்கிறார்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்," என்றார். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அவ்வளவுதான், போச்சு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் இனி என்ன விளையாட்டு என்று எனக்குள் சப்பென்று ஆகிவிட்டது.

ஆனால் கடைக்காரர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "கயிறு இருக்கா மச்சான்? எத்தன அடி?" என்று ஆரம்பித்தவர்தான். எந்தக் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே முடிச்சுப் போடலாம் என்று மனிதர் கடையையே மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். டீச்சர் ஸ்டோர்க்காரரிடம் சண்டை போடவில்லை. பயந்தவர் என்று தெரிந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து, பழி வந்தால் நான் ஏற்கிறேன் என்று பக்குவமாகப் பேசிச் சாவியை வாங்கினார். மருந்துப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு நான்தான் பாலத்தில் ஏறினேன்.

"உடையும்னு தெரிஞ்சுமா?" என்றார் என் கணவர்.

"தெரிஞ்சதாலதான் கயிறு கட்டியிருக்கோம்," என்றேன்.

பகடையை உருட்டினேன். பலகை உடைந்தது. கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் இழுக்கிறார்! டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு உருட்டு. அக்கரையில் ஏறிவிட்டேன். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். டீச்சர் பஸ்ஸைக் கோட்டைவிட்டது அவருக்கே தெரியவில்லை. ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே அடுத்த போயாவுக்கும் வருவதாக முடிவு செய்துவிட்டார்கள். நானும்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவர் முகம் தெளிந்திருக்க வேண்டுமே! இல்லை. ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியுமே. ஹாலி எல ஊரைத் தாண்டும்போது அவராகவே சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து வேலை தூரத்து வவுனியாவில். இடமாற்றக் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல், தானே எப்படியாவது ரத்து செய்துவிடலாம் என்று அலைந்திருக்கிறார். நடக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்," என்றார். "இப்ப என்ன பண்ணலாம்?"

எனக்கு அழுகை, கோபம், சிரிப்பு மூன்றும் ஒன்றாக வந்தன. மூன்று வாரம் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்ற வருத்தம்தான் கடைசியில் ஜெயித்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். பதுளை ஸ்டாண்டில் இறங்குவதற்குள் பாதித் திட்டம் போட்டுவிட்டோம். அவர் முதலில் போய் வீடு பார்ப்பது, நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் தவணை முடிந்ததும் நான் போவது, போயா விளையாட்டைப் போனில் தொடர்வது.

இப்போது வவுனியா வெயிலில்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பிஸ்கட் பெட்டி அட்டையைக் கடைக்காரர் இன்னும் வைத்திருக்கிறாராம், அதில் ஆணி விலையை எழுதிக் கடையில் தொங்கவிட்டிருக்கிறாராம். இவர் இன்றைக்கும் சில நாள் "ஒன்னுமில்ல" என்று வாயைத் திறப்பார். "பாலம் எங்கங்க உடைஞ்சிருக்கு, சொல்லுங்க, கயிறு கட்டலாம்" என்பேன். சிரித்துவிட்டுச் சொல்லிவிடுவார், எவ்வளவு பெரிய கஷ்டமானாலும் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு அவரும் நானும் நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறோம்.